காய்ச்சல் நோட்டு

ஒரு நாளைக்கு ஐந்து வேளை காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. எழுதுவதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றும் கொடுத்தார்கள். கொடுத்தவர் ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில், டிரிப்பில் மருந்து ஏற்றும் பிரிவின் மூத்த நர்ஸ். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எதையாவது படிக்கும்போது மட்டும் அது மூக்கில் ஏறும். அந்த மாடியில் எல்லோருக்கும் அவர் கண்ணாடி சிஸ்டர்.

நோட்டை வாங்கிக்கொண்டவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவர். இருபத்தாறு வருட வேலை. அவர் போகும் தெருக்களில் அவரை மீட்டர்காரர் என்பார்கள். அவர் மனைவி ஒரு பெரிய அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். நான்கு மாதங்களுக்கு முன் அவளுடைய கழுத்தில் நெறி கட்டியது. முதலில் பல்வலி என்றார்கள், பிறகு காது என்றார்கள், கடைசியில் சதை எடுத்துச் சோதித்து நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். ஆறு சுற்று மருந்தில் அன்றோடு இரண்டாவது முடிந்திருந்தது.

"நம்பர் எழுதறது எனக்கு என்ன புதுசா சிஸ்டர்" என்றார் மீட்டர்காரர்.

"நல்லதாப் போச்சு. ஆனா இந்த மீட்டர் தெருவுல இருக்கிற மீட்டர் மாதிரி இல்லண்ணே. சொல்லாமக் கொள்ளாம ஓடும்."

மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும் என்று கண்ணாடி சிஸ்டர் விளக்கினார். வீட்டுக் காவலுக்கு ஆள் இல்லாத நாட்கள். அந்த நேரத்தில் ஒரு சின்னக் கிருமி உள்ளே வந்தாலும் தட்டிக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், நூறு புள்ளி நாலு வந்தால் யோசிக்காமல் கிளம்பி வர வேண்டும்.

"காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துட்டு, கொஞ்ச நேரம் பாப்போம்னு உக்காராதீங்க. மாத்திரை நம்பரைத்தான் இறக்கும். கிருமி பாட்டுக்கு உள்ள வேலையைப் பாத்துக்கிட்டிருக்கும்." பிறகு ஒரு நீல அட்டையைக் கொடுத்தார். "கீழ அவசரப் பிரிவுல வரிசையில நிக்காதீங்க. இதைக் காட்டுங்க. வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள மருந்து ஏறணும். அதுக்கு மேல ஒவ்வொரு மணி நேரமும் நமக்கு ஆகாது."

மீட்டர்காரர் தலையாட்டினார்.

"வீட்டுல உங்களைத் தவிர யாரு?"

"மச்சினி ரெண்டு தெரு தள்ளி இருக்கா. அவளுக்கு அவ வீட்டு வேலை இருக்கு. நானே பாத்துக்குவேன். லீவு போட்டிருக்கேன்."

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன சிஸ்டர். நல்லா இருக்கேன்."

கண்ணாடி சிஸ்டர் அவருடைய போன் நம்பரை எழுதிக்கொண்டார். "தினம் பத்து மணிக்கு மேல போன் பண்ணுவேன். அம்மாகிட்ட பேச இல்ல. உங்ககிட்ட."

அந்தப் போன் அவருடைய வேலைப் பட்டியலில் கிடையாது. ஏழு வருடங்களாகத் தானாகவே செய்துவருகிறார். மருந்து வாங்கிப் போகிறவர்களில் யார் திரும்பி வருகிறார்கள், எந்த நிலையில் வருகிறார்கள் என்பது பாதிக்கு மேல் வீட்டில் இருக்கும் அந்த இன்னொரு ஆளைப் பொறுத்தது என்று அவர் கண்டுவைத்திருந்தார். அந்த ஆளை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் நல்லா இருக்கேன் என்றுதான் பதில் வரும்.

முதல் நான்கு நாட்கள் ஒழுங்காகப் போயின. மீட்டர்காரர் கதவுக் கைப்பிடிகளைத் துடைத்தார், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினார், செருப்பை வாசலுக்கு வெளியே வைத்தார். மச்சினி வந்தபோது அவளை உள்ளே விடவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசினாள்.

"என்ன மாமா, எங்கக்கா மீட்டர் எப்படி ஓடுது?"

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு."

"என்னையும் நோட்டுல சேத்துக்கோங்க. ராத்திரிப் பத்து மணி நான் வந்து பாக்கறேன். நீங்க கொஞ்சம் தூங்குங்க. கண்ணாடியில உங்க மூஞ்சியப் பாத்தீங்களா? பேஷன்ட் யாருன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"உன் பொண்ணுக்குச் சளி இருக்குன்னியே."

"அது போன மாசம்."

"இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

அவள் ஜன்னல் கம்பியைத் தாண்டி அக்காவைப் பார்த்தாள். "உன் வீட்டுக்காரர் உன்னைப் பெட்டகத்துல வச்சுப் பூட்டிட்டாரு, போ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் பகல் இரண்டு மணிக்கு மனைவி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் வாந்திக்குப் பிறகு வந்த தூக்கம். தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டுமானால் எழுப்பியாக வேண்டும். மீட்டர்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முன் அறைக்கு வந்து நோட்டைத் திறந்து, முந்தைய மூன்று எண்களைப் பார்த்து, அவற்றின் சராசரியை எழுதினார்.

இதை அவர் யோசித்துச் செய்யவில்லை. அவருடைய தொழிலில் அப்படித்தான். வீடு பூட்டியிருந்தால் முந்தைய மூன்று மாதக் கணக்கைக் கூட்டி மூன்றால் வகுத்து எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்கு விதியே இருக்கிறது. அடுத்த மாதம் கதவு திறந்திருந்தால் வித்தியாசம் தானாகச் சரியாகிவிடும். இருபத்தாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் பூட்டிய வீடுகளுக்கு அப்படி எழுதியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. மாலை ஆறு மணிக்கு உண்மையாகவே பார்த்தபோது அதே எண்தான் வந்தது. சராசரி தப்பவில்லை.

ஏழாம் நாள் வந்தது. கண்ணாடி சிஸ்டர் சொன்ன காவலில்லாத நாட்கள் தொடங்கின. அன்றிலிருந்து அந்த வீட்டின் ஓசைகள் அவருக்கு வேறாகக் கேட்டன. முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே இருமல் கேட்டால் கத்தியைப் பாதியில் நிறுத்திவிட்டு இன்னொரு இருமலுக்காகக் காத்திருந்தார். அவள் போர்வையை இழுத்தால் குளிர்கிறதா என்று நினைத்தார், தள்ளினால் சுடுகிறதா என்று நினைத்தார். தெர்மாமீட்டர் மூன்று தடவை பீப் அடிக்கும். அதை வாங்கிக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் போய்த்தான் பார்ப்பார். முகத்தில் என்ன தெரியுமோ என்ற பயம்.

தெருவில் அவருக்குப் பயம் புதிதல்ல. கேட்டைத் திறக்கும்போது உள்ளே நாய் கட்டியிருக்கிறதா, அவிழ்த்துவிட்டிருக்கிறதா என்று தெரியாது. கடியும் வாங்கியிருக்கிறார், காலில் தழும்பு இருக்கிறது. ஆனால் நாய் குரைக்கும். எங்கே நிற்கிறது என்று தெரியும். இது எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை.

எட்டாம் நாள் மாலை தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு. ஒன்பதாம் நாள் காலை தொண்ணூற்றொன்பது புள்ளி ஐந்து. போனில் இரண்டு எண்களையும் படித்தார்.

"இன்னும் கோடு தாண்டல" என்றார் கண்ணாடி சிஸ்டர். "ஆனா பக்கத்துல நிக்குது. இன்னைக்கு ஒரு வேளையும் விட்டுராதீங்கண்ணே. அம்மாகிட்ட குடுங்க."

மனைவி போனை வாங்கினாள். இருபது வருடம் அலுவலக இணைப்புப் பலகையில் உட்கார்ந்தவளின் குரல் அது. என்ன நடந்தாலும் ஒரே சீராக வரும். "நல்லா இருக்கேன் சிஸ்டர். சாப்பிட்டேன். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்."

போன் திரும்ப மீட்டர்காரர் கைக்கு வந்தது. "ராத்திரி தூங்கினீங்களா அண்ணே?"

"தூங்கினேன்."

"எத்தனை மணி நேரம்?"

இரவெல்லாம் அவர் கதவோரத்தில் நாற்காலி போட்டு அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். "போதுமான அளவு" என்றார்.

"மச்சினியைக் கூப்பிடுங்க. ஒரு வேளையாவது அவங்க பாக்கட்டும். இது ஒருத்தர் தனியா தூக்கற பாரம் இல்ல."

"சரி சிஸ்டர்" என்றார். கூப்பிடவில்லை.

போனை வைத்த பிறகு பத்து மணிக் கணக்கைப் பார்த்தபோது தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று. இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வை கழுத்து வரை. கண் மூடியிருந்தது. அவர் குனிந்து பெயர் சொல்லி மெல்லக் கூப்பிட்டார். அசைவு இல்லை. கையை எடுத்து நெற்றியில் வைக்கலாம் என்று நினைத்தார். நெற்றிக்கு ஒரு சாண் மேலே கை நின்றது.

தொட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் கிளம்ப வேண்டும். அவர்கள் தெருவில் சென்ற வருடம் ஒருவர் இதே நோய்க்கு, இதே போல் வெள்ளை அணுக்கள் இறங்கிய வாரத்தில், காய்ச்சல் என்று போனவர் திரும்பி வரவில்லை. அந்த வீட்டு மீட்டர் அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரே எண்ணில் நின்றதை எழுதியவர் மீட்டர்காரர்தான்.

கையை இழுத்துக்கொண்டார். முன் அறைக்கு வந்தார். தூங்குகிறாள், தூங்கட்டும், தூக்கம் நல்லது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நோட்டில் தொண்ணூற்றெட்டு புள்ளி எட்டு என்று எழுதினார். மாலை ஆறு மணிக்கும் அவள் தூங்கினாள். தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. இரவு பத்து மணிக்கும் அப்படியே. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு வரைதான் போனார். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. கையெழுத்து மட்டும் எப்போதும்போல் சுத்தமாக இருந்தது.

பத்தாம் நாள் பத்தே கால் மணிக்குப் போன் வந்தது. மீட்டர்காரர் நோட்டைப் படித்தார். வரிசையாக நாலு எண்கள். அலுவலகத்தில் மேலாளரிடம் படிப்பதுபோல நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

மறுமுனையில் யாரோ தள்ளுவண்டி உருட்டும் சத்தம் கேட்டது.

"நேத்துக் காலையில பத்து மணிக்கு எவ்வளவு இருந்துச்சு?"

"தொண்ணூத்தொம்பது புள்ளி மூணு."

"சாயங்காலம்?"

"தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு."

"அண்ணே, உடம்புச் சூடு காலையில கம்மியா இருக்கும், சாயங்காலம் ஏறும். எல்லாருக்கும் அப்படித்தான், எனக்கும் உங்களுக்கும் கூட. அம்மாவுக்கு மட்டும் படிக்கட்டு மாதிரி இறங்கிக்கிட்டே வருது." குரலில் கோபம் இல்லை. "ஒண்ணும் வேண்டாம். நான் போனை வைக்கல. இப்ப போய் ஒரு தடவை எடுத்துட்டு வாங்க."

"தூங்கறா சிஸ்டர்."

"எழுப்புங்க."

"பாவம், இப்பத்தான்..."

"அண்ணே, எழுப்புங்க. நான் லைன்லயே இருக்கேன். உங்ககூடவே வர்றேன்னு வச்சுக்கோங்க."

அவர் போனைக் காதில் வைத்தபடியே உள்ளே போனார். போர்வை நடுங்கிக்கொண்டிருந்தது. முதலில் மின்விசிறிக் காற்று என்று நினைத்தார். விசிறி ஓடவில்லை. போர்வையை விலக்கியபோது அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கண் திறந்திருந்தது.

"குளிருதுங்க" என்றாள். ஆபரேட்டர் குரல் போயிருந்தது.

தெர்மாமீட்டர் பற்களுக்கிடையில் ஆடியது. அவர் தாடையைப் பிடித்துக்கொண்டார். கை சுட்டது. மூன்று பீப். ஜன்னல் பக்கம் போக நேரமில்லை, அங்கேயே பார்த்தார்.

"நூத்தி ரெண்டு புள்ளி ஒண்ணு" என்றார். அதைச் சொன்னது தான்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"சரி. கேளுங்க. மாத்திரை குடுத்தீங்களா?"

"இல்ல. குடுக்கட்டுமா? வீட்டுல இருக்கு. ஒண்ணு குடுத்தா குளிராவது..."

"வேண்டாம். நீல அட்டை எங்க இருக்கு?"

"அலமாரியில."

"எடுத்துப் பையில போடுங்க. எடுத்துட்டீங்களா? எடுத்துட்டு சொல்லுங்க. சரி. நோட்டையும் போடுங்க. இப்ப மச்சினிக்கு நான் போன் பண்றேன், நம்பர் சொல்லுங்க. நீங்க வண்டிக்கு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் யோசிக்காதீங்க. வீட்டைப் பூட்டறது கூட மச்சினி பாத்துக்கட்டும்."

மச்சினி ஏழு நிமிடத்தில் வந்தாள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. வண்டியில் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எப்ப இருந்து மாமா இப்படி?" என்று கேட்டாள். மீட்டர்காரர் முன் இருக்கையில் உட்கார்ந்து எதிரே சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மாறவே இல்லை என்பதுபோல் இருந்தது. "காலையில" என்றார்.

அவசரப் பிரிவில் நீல அட்டையைப் பார்த்ததும் வரிசையை விலக்கி உள்ளே கொண்டுபோனார்கள். பணியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

"காலையில ஆறு மணிக்கு நார்மல். அப்ப நாலு, நாலரை மணி நேரம்தான் ஆகுது." நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதிக் கொண்டுவர மாட்டாங்க. சீக்கிரமா வந்துட்டீங்க, நல்லது."

மீட்டர்காரர் தலையாட்டினார். இனி சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தார். மருந்து எப்படியும் ஏறப்போகிறது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும். மச்சினி பக்கத்தில் நின்றாள். மனைவி கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். சொன்னால், அவள் பிழைக்காமல் போனால், காரணம் யார் என்பது அந்த நோட்டில் நாலு வரியாக நிற்கும். டாக்டர் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

கண்ணாடி சிஸ்டர் அப்போதுதான் படி இறங்கி வந்தார், மூச்சு வாங்க. நோயாளியின் கையைத் தொட்டுப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார். டாக்டர் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். "அண்ணே, ஒரு நிமிஷம் இங்க வாங்க" என்று மீட்டர்காரரைக் கை கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போனார். குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் அவர்கள் பேச்சு வெளியே கேட்காது.

"நோட்டுல இருக்கிறதுல எத்தனை எடுத்தது, எத்தனை எழுதினது?"

மீட்டர்காரர் வாஷ்பேசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி நாலும்" என்றார். "நேத்து ரெண்டு மணில இருந்து. முன்னாடியும் ஒண்ணு இருக்கு, அஞ்சாம் நாள். அது தப்பாப் போகல."

"சரி."

"பூட்டின வீட்டுக்கு எழுதற மாதிரி எழுதிட்டேன் சிஸ்டர். எழுப்ப மனசு வரல. இல்ல, அது இல்ல. பாக்க பயமா இருந்துச்சு. பாக்காத வரைக்கும் இல்லைன்னு இருந்துச்சு."

கண்ணாடி சிஸ்டர் குழாயை மூடினார். "இதே மாதிரி எழுதினவங்க உங்களுக்கு முன்னாடியும் இருக்காங்க. எனக்குத்தான் புத்தி வரல. பத்து நாளா நான் நம்பரை மட்டும் கேட்டேன். எப்படி எடுக்கறீங்க, எடுக்கும்போது கை நடுங்குதான்னு ஒரு தடவை கூடக் கேக்கல." பிறகு குரலை இறக்கினார். "ஆனா இது டாக்டருக்குத் தெரிஞ்சாகணும். நாலு மணி நேரக் காய்ச்சலுக்கு ஒரு மருந்து. இருபது மணி நேரக் காய்ச்சலுக்கு வேற. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"அவ முன்னாடியா?"

"டாக்டரை வெளிய கூப்பிடறேன்."

"வேண்டாம்" என்றார் மீட்டர்காரர். "நானே சொல்லிடறேன்."

அவர் கட்டிலருகே போய் நோட்டை வாங்கி, சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, நாலு வரிகளையும் ஒவ்வொன்றாக அடித்தார். ஐந்தாம் நாளில் ஒன்றையும் அடித்தார். "இதெல்லாம் நான் பாக்காம எழுதினது டாக்டர்" என்றார். மனைவி பக்கம் திரும்பவில்லை. "கடைசியாப் பாத்தது நேத்துக் காலையில பத்து மணிக்கு. அதுக்கப்புறம் எப்ப ஏறுச்சுன்னு எனக்குத் தெரியாது."

டாக்டரின் முகம் மாறியது. திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவள் திரும்பி நர்ஸிடம் வேகமாகப் பேசினாள். இரண்டாவது மருந்து ஒன்றின் பெயர் அடிபட்டது. பிரஷர் பார்த்தார்கள். மேல் எண் எண்பத்தெட்டு, நூறுக்கு மேல் இருக்க வேண்டியது. இன்னொரு கையிலும் ஊசி போட்டு டிரிப் ஏற்றினார்கள். பத்து நிமிடத்தில் கட்டிலோடு கண்காணிப்பு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

மச்சினி நடைபாதை பெஞ்சில் அவரிடமிருந்து தள்ளி உட்கார்ந்தாள். அவள் காலில் இருந்த இரண்டு செருப்புகளையும் அவர் அப்போதுதான் பார்த்தார்.

"ராத்திரி நான் வர்றேன்னு சொன்னேன்ல மாமா" என்றாள்.

"சொன்ன."

"ஒரு வார்த்தை பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா..." முடிக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்த விதத்தில் கோபம் இருந்தது. ஆனால் இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கண்ணாடி சிஸ்டர் இடையிடையே நான்காம் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வரும்போதெல்லாம் உள்ளே போய், வெளியே வந்து, தெரிந்ததை மட்டும் சொன்னார். இரண்டு மருந்தும் ஏறிவிட்டன. பிரஷர் இன்னும் ஏறவில்லை. நடுக்கம் நின்றிருக்கிறது, நின்றது நல்லதா என்று இப்போது சொல்ல முடியாது.

"பொழைச்சுருவாளா சிஸ்டர்?"

"தெரியாதுண்ணே. தெரிஞ்சா ஒளிக்க மாட்டேன்." அவர் முன்னால் நின்றபடியே மூக்குக்கண்ணாடியைப் போட்டு நோட்டை வாங்கினார். ஒரு புதுப் பக்கத்தில் கோடு போட்டார். "வீட்டுக்குப் போற நாள் வந்தா, காலை ரெண்டு வேளை நீங்க. சாயங்காலம், ராத்திரி மச்சினி. மத்தியானம் நான் போன்ல இருக்கும்போது எடுக்கணும், நீங்க ரெண்டு பேர்ல யாராவது. எடுக்க முடியலைன்னா கட்டத்தைக் காலியா விடுங்க. காலிக் கட்டத்தைப் பாத்தா நான் போன் பண்ணுவேன், ஏன்னு கேப்பேன், அவ்வளவுதான். நம்பரை விட காலிக் கட்டம் எனக்கு நிறையச் சொல்லும்."

வீட்டுக்குப் போற நாள் வந்தா. மீட்டர்காரருக்கு அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தாண்டி எதுவும் காதில் ஏறவில்லை. மச்சினிதான் நோட்டை வாங்கிப் படித்து, "ராத்திரிப் பத்து மணி நான்" என்றாள்.

மூன்றரை மணிக்கு ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். மச்சினி அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

அறையில் நான்கு கட்டில்கள். திரைக்குப் பின்னால் வேறு யாருடைய இயந்திரமோ விட்டு விட்டு ஒலித்தது. அவள் மூக்கில் பிராணவாயுக் குழாய். ஒரு கையில் பிரஷர் பட்டை சுற்றியிருந்தது. அது கால் மணிக்கு ஒரு தடவை தானாகவே இறுகி, தளர்ந்து, திரையில் எண்ணைக் காட்டும். மேல் எண் தொண்ணூறு.

"நீங்க சொன்னதைக் கேட்டேன்" என்றாள்.

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தப்புப் பண்ணிட்டேன்."

"நேத்து ரெண்டு மணிக்கு நான் தூங்கலங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை.

"பன்னெண்டு மணிக்கே குளிர் வந்துருச்சு. நீங்க அடுப்படியில இருந்தீங்க. தெர்மாமீட்டரைத் தூக்கிட்டு வருவீங்கன்னு தெரியும். சுவத்துப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கிட்டேன். பூனை மாதிரி வந்து நின்னீங்க. கையைக் கொண்டுவந்தீங்க. தொட்டுருவீங்களோன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். நீங்க போனதும் அப்பாடான்னு இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு விட்டாள். "சாயங்காலமும் அப்படித்தான். மறுபடி இங்க வந்து படுக்க எனக்குத் தைரியம் இல்ல. இங்க வந்தா வீட்டுக்குப் போக மாட்டேன்னு ஒரு நினைப்பு."

மீட்டர்காரர் அவளையே பார்த்தார். ஒரே அறையில், ஒரு சாண் இடைவெளியில், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"பன்னெண்டு மணியா?" என்றார். "நல்லாத் தெரியுமா?"

"பக்கத்து ஸ்கூல்ல சாப்பாட்டு மணி அடிச்சுச்சு."

"இதையும் சொல்லணும்."

"சொன்னா என்னை என்ன நினைப்பாங்க?"

"எதையும் நினைச்சுட்டுப் போகட்டும்."

அவர் திரும்பி நடந்து, அறையின் மூலையில் இருந்த நர்ஸ் மேசைக்குப் போனார். கண்ணாடி சிஸ்டர் அங்கே நின்று அந்த அறையின் நர்ஸோடு பேசிக்கொண்டிருந்தார். பணி முடியும் நேரம், கைப்பை தோளில் இருந்தது.

"நேத்துப் பன்னெண்டு மணிக்கே குளிர் வந்துருச்சாம் சிஸ்டர். அவளே சொல்றா. எனக்குப் பயந்து சொல்லலையாம்." பிறகு திருத்திக்கொண்டார். "எனக்குப் பயந்து இல்ல. இங்க வர்றதுக்குப் பயந்து."

அறை நர்ஸ் எழுதிக்கொண்டாள். கண்ணாடி சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "டாக்டருக்குச் சொல்றேன்" என்றார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி மேசைக்கு அடியில் வைத்தார். போனை எடுத்தார்.

அவர் கட்டிலுக்குத் திரும்பினார்.

"திட்டினாங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பயமா இருக்கு" என்றார்.

"எனக்கும்தான்" என்றாள் அவள். அந்த வீட்டில் இரண்டு பேரில் யாரும் நாலு மாதமாகச் சொல்லாத சொல். சொன்ன பிறகும் பயம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவள் கால்களைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். கட்டிலில் உட்காரக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. மீட்டர்காரர் விளிம்பில் உட்கார்ந்து, ஊசி இல்லாத இடமாகப் பார்த்து அவள் கையைப் பிடித்தார். கை இன்னும் சுட்டது. இந்தத் தடவை விடவில்லை.

மறுகையில் பட்டை இறுகத் தொடங்கியது. இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள்.